அம்மாவுடன் சீதே: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

அண்ணா – லண்டன், 09.14
எல்லோருக்கும் காலை வணக்கம். வருகிற ஓகஸ்டில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குத் துருக்கியின் அந்தால்யாப் பக்கம் பத்து நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். அம்மாவும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்டு அங்கே எங்களுடன் சேர்ந்துகொண்டால் நன்றாக இருக்கும். பெலெக்கில் கடலோரமாக ஒரு பெரிய விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறோம். சாப்பாடு, குடிபானம், நீச்சல் குளம், பிள்ளைகளுக்கான நீர்ச்சறுக்கு எல்லாம் ஒரே கட்டணத்துக்குள் அடங்கும். அக்கா, நீங்கள் போன வருடம் அம்மாவுடன் அதே கரையிலுள்ள சீதேக்குப் போய்வந்தவர்கள். 75 வயதில் அம்மாவுக்கு இது சரிவருமா என்று சொல்லுங்கள்.

அக்கா – ஸ்டுட்கார்ட், 10.02
தம்பி, ஒரு வரியில் ஆம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நாங்களும் முதல் ஐந்து நாட்களுக்கு அப்படியான ஒரு விடுதியில்தான் இருந்தோம். விமான நிலையத்திலிருந்து அறுபது, அறுபத்தைந்து கிலோமீற்றர்; வாகனத்தில் ஒரு மணி நேரம். இறங்கியவுடன் எல்லோருடைய கையிலும் ஒரு பட்டி கட்டிவிட்டார்கள். ‘ஹெர் ஷெய் தாஹில்’ என்று துருக்கியில் சொல்கிறார்கள்; எல்லாம் உட்பட என்று பொருள். பிள்ளைகளுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா காலையில் சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்து, ஆட்கள் தட்டு நிறைய எடுத்துப் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போவதைப் பார்த்துவிட்டு, ஒரு பாண் துண்டும் தேநீருமாக எழும்பிவிடுவார். பகல் முழுவதும் குளத்தடியில் ஒலிபெருக்கி அலறியதால் அறைக்குள் குளிரூட்டியைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் என்னிடம், “பிள்ளை, நாங்கள் இப்போது எந்த நாட்டில் நிற்கிறோம்?” என்று கேட்டார். மறதியில் கேட்கவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு ஊர் இருக்கிறதா என்பதை அறியத்தான் கேட்டார்.

அம்மா, 10.09
நான் அப்படிக் கேட்டது உண்மைதான். விடுதிக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்த பிள்ளைகள் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஆனால் அவ்வளவு சோறும் இறைச்சியும் குப்பைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

அண்ணி – லண்டன், 10.15
மச்சாள், அப்படியென்றால் பிறகு எங்கே மாறினீர்கள்? சின்னவனுக்கு ஆறு வயது என்பதால் ஆழமில்லாத கடல்தான் வேண்டும். அதோடு ஓகஸ்ட் மாத வெயிலை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

அக்கா – ஸ்டுட்கார்ட், 10.41
சீதேயின் பழைய ஊருக்குள் ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தங்குமிடத்துக்கு மாறினோம். முற்றத்தில் ஒரு மாதுளை மரம் நின்றது. ‘சீதே’ என்பதே அந்த மண்ணின் பழைய மொழியில் மாதுளையைக் குறித்த சொல். அந்த நகரம் வெளியிட்ட பழைய நாணயங்களிலும் மாதுளம்பழம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

ஊர் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு சிறு முனை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அம்மாவின் நடையிலேயே போய்விடலாம். மேற்குப் பக்கக் கடற்கரை நுண்மணல். பல யார் தூரம் உள்ளே போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும் என்பதால் சின்னவனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தால்யா நகரத்துக்குள் இருக்கும் கொன்யால்தி கடற்கரை கூழாங்கல்; அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

முனையின் நுனியில் 2ஆம் நூற்றாண்டில் எழுந்த அப்பொல்லோ கோயிலின் ஐந்து வெண்சலவைக்கல் தூண்களை மீண்டும் நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் அம்மாவை அங்கே ஒரு கல்லில் இருத்திவிட்டுப் பிள்ளைகளை ஓடவிட்டோம். ஊரின் நடுவே ரோமர் காலத்து அரங்கு இருக்கிறது. மலைச்சரிவு இல்லாத சமதரை என்பதால் வளைவுகளைக் கட்டி, அவற்றின் மேல் இருக்கைப் படிகளை ஏற்றியிருக்கிறார்கள். ரோமர் காலக் குளிப்புக்கூடம்தான் இப்போது அருங்காட்சியகம்.

அத்தான், 10.50
ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பெலெக்கும் நல்ல இடம்தான். அங்கே மணலும் நன்றாக இருக்கும். ஆனால் விடுதிகள் பெரும்பாலும் கடலோரமாக நீள வரிசையில் நிற்பதால், வாசலைத் தாண்டினால் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய பழைய ஊர் எதுவும் இல்லை. அம்மாவை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

மாமா – யாழ்ப்பாணம், 11.20
எல்லோரும் நல்ல தமிழில் எழுதுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. குழு தொடங்கிய அன்று நான் கேட்டுக்கொண்டதை இன்னும் காப்பாற்றுகிறீர்கள். அந்த முனையில் பாழடைந்து கிடந்த பழைய நகரத்தின் நடுவே இப்போது மக்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.

அக்கா – ஸ்டுட்கார்ட், 11.38
மாமா, அந்த இடம் பல நூற்றாண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிரேத்தாத் தீவைவிட்டுப் புறப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் இடிபாடுகளின் நடுவே வீடு கட்டி, செலிமியே என்ற கிராமத்தை அமைத்தார்கள். எங்களுக்கு அறை தந்த அம்மையாரும் தம்முடைய பூட்டன் படகில் வந்து இறங்கியவர் என்று சொன்னார். அவருக்கு ஜேர்மன் கொஞ்சம் வரும். நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். 1995இல் போரின்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் வெளிக்கிட்டதை அம்மா அவருக்குச் சொன்னார். இரண்டு பேரும் வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அம்மா, 11.44
அந்தப் பெண் தன்னுடைய பாட்டி வைத்திருந்த பழைய வீட்டுத் திறப்பைப் பற்றிச் சொன்னார். எங்கள் வீட்டுத் திறப்பும் என்னிடம் இன்னும் இருக்கிறது.

அண்ணா – லண்டன், 11.52
அம்மா, இதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே.

அண்ணி – லண்டன், 12.05
மாமி, உங்களை அங்கே மீண்டும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு இப்போது இன்னும் ஆசையாக இருக்கிறது. மச்சாள், வெயிலைப் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

அக்கா – ஸ்டுட்கார்ட், 12.47
வெயிலைப் பற்றித்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தவறியது நான்.

ஓகஸ்டில் அந்தக் கரையில் பகல் வெப்பம் 34, 35 பாகை இருப்பது வழக்கம். 40ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. கடல் 28 பாகை அளவில் இருப்பதால் தண்ணீரில் நிற்கும்போது வெயிலின் சூடு தெரியாது. அது எங்கள் ஊர் வெயில்தானே என்று நான் எண்ணிவிட்டேன். முப்பது வருடம் ஜேர்மனியில் இருந்த உடம்பு அதை மறந்துவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குப் புறப்பட்டு அஸ்பெண்டோஸ் அரங்கைப் பார்க்கப் போனோம். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் ஆண்ட காலத்தில் ஸெனோன் என்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் கட்டியது. பின்னால் செல்ஜூக் அரசர்கள் அதைச் செப்பனிட்டுப் பயன்படுத்தியதால் மேடைச் சுவர்கூட இன்றைக்கும் கிட்டத்தட்ட முழு உயரத்துக்கு நிற்கிறது. படிகள் உயரமானவை, மேலே கூரை கிடையாது, கல் முழுவதும் சூட்டை வாங்கித் திருப்பி வீசுகிறது. அம்மா பாதிப் படியில் நின்று தூணைத் தேடுவதுபோல் கையை நீட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் பிடித்து இருத்துவதற்குள் கண்ணை மூடிவிட்டார்.

மருமகள் (அக்காவின் மகள்), 12.53
அப்போது அம்மம்மாவுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத இரண்டு பேர் அம்மம்மாவைத் தூக்கிக் கீழே நிழலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பெண் “தெய்ஸெ, தெய்ஸெ” என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு போத்தலிலிருந்து எலுமிச்சை வாசனைத் தண்ணீரை அம்மம்மாவின் உள்ளங்கையிலும் கழுத்திலும் ஊற்றித் தடவினார். அதற்குப் பெயர் கொலோன்யா. அங்கே விருந்தாளி வந்தாலும், நீண்ட தூரப் பேருந்தில் ஏறினாலும் அதைக் கையில் ஊற்றுவார்களாம்.

அக்கா – ஸ்டுட்கார்ட், 13.10
கண்ணைத் திறந்ததும் அந்தப் பெண் ஒரு குவளை அய்ரான் கொடுத்தார். தயிரில் தண்ணீரும் உப்பும் கலந்து அடிப்பது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு “மோர்” என்றார். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பின்னர் ஒரு மருத்துவமனைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். நீரும் உப்பும் குறைந்ததால் வந்த மயக்கம் என்று சொல்லி இரண்டு மணி நேரம் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே அவசர அழைப்பு எண் 112. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து வை, தம்பி.

அதற்குப் பிறகு எங்கள் நாளையே மாற்றி அமைத்தோம். காலை ஆறரைக்குக் கடற்கரை. பத்து மணிக்கு முன்பே வீடு. மாலை ஐந்து வரைக்கும் சாப்பாடு, உறக்கம், சீட்டு விளையாட்டு. அதன் பிறகுதான் வெளியே. அந்த மாற்றத்துக்குப் பிந்திய நான்கு நாட்கள்தான் எங்களுக்கு உண்மையான விடுமுறையாக இருந்தன. நீயும் அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

மாமா – யாழ்ப்பாணம், 13.32
அந்தப் பிள்ளை சொன்ன ‘தெய்ஸெ’ என்ற சொல்லைப் பற்றிப் படித்திருக்கிறேன். அது தாயின் சகோதரியைக் குறிப்பது; நாம் பெரியம்மா, சின்னம்மா என்பதைப் போல. தாயின் சகோதரனுக்கு ‘தாயி’, தந்தையின் சகோதரனுக்கு ‘அம்ஜா’, தந்தையின் சகோதரிக்கு ‘ஹலா’. ஆங்கிலத்தைப் போல எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைக்காமல், எந்தப் பக்கத்து உறவு என்பதை நம்மைப் போலவே பிரித்துச் சொல்கிறார்கள். முன்பின் அறியாத முதிய பெண்ணையும் அவர்கள் தெய்ஸெ என்றுதான் அழைப்பார்கள். என் தங்கை மயங்கிக் கிடந்த இடத்தில் அவளை ஒருத்தி பெரியம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள் என்பதைப் படிக்கும்போது கண் கலங்குகிறது.

அண்ணி – லண்டன், 13.50
மாமி வெள்ளிக்கிழமையில் மரக்கறி மட்டும்தானே சாப்பிடுவார். பழைய ஊருக்குள் அதற்கு என்ன செய்தீர்கள்?

அம்மா, 14.02
அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், பிள்ளை. கியொஸ்லெமே என்று ஒன்று இருக்கிறது. ஒரு பெண் தரையில் இருந்துகொண்டு, விரலளவு தடித்த நீளக் கோலால் மாவை முறம் அகலத்துக்குத் தேய்த்து, உள்ளே கீரையும் பாற்கட்டியும் அல்லது உருளைக்கிழங்கும் வைத்து மடித்து, கவிழ்த்த இரும்புத் தட்டில் வாட்டிக் கொடுப்பார். பருப்பு சூப்பும் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் சில கடைகளில் இறைச்சி அவித்த தண்ணீரில் வைப்பார்கள். ‘எட்சிஸ்’ என்று கேட்டால் இறைச்சி இல்லாததைத் தருவார்கள். அந்தச் சொல்லை நான் மூன்று நாளில் பழகிவிட்டேன்.

அக்கா – ஸ்டுட்கார்ட், 14.20
திங்கட்கிழமை மனவ்கட் ஊரில் சந்தை. டொல்முஷ் என்ற சிற்றூர்தியில் போகலாம். ஆள் நிறைந்தது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள், இலையில் சோற்றை அடைத்துச் செய்யும் ‘டொல்மா’வும் அதே வேரிலிருந்து வந்தது. அதற்குக் கையில் கொஞ்சம் லீரா வைத்திருங்கள். மனவ்கட் ஆற்றில் படகேறிக் கழிமுகம் வரைக்கும் போகலாம். மணல்திட்டின் ஒரு பக்கத்தில் மலையிலிருந்து வரும் குளிர்ந்த ஆற்று நீர், மறுபக்கத்தில் வெதுவெதுப்பான கடல். பிள்ளைகள் மாறி மாறிக் குதித்தார்கள்.

வழியில் மலைப்பக்கம் கரிய மரங்களைப் பார்ப்பீர்கள். 2021 ஜூலை இறுதியில் மனவ்கட்டில் பற்றிய காட்டுத்தீயின் தடம் அது. இடையிடையே முழங்கால் உயரப் பைன் கன்றுகள் முளைத்திருக்கின்றன.

மருமகள், 14.31
லண்டன் மாமா, கடலாமையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சீதேக்குக் கிழக்கே கிஸிலொட் பக்கத்து மணலில் கரெட்டா கரெட்டா என்ற பெருந்தலை ஆமைகள் முட்டையிடுகின்றன. ஒரு குழிக்குள் ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும். ஓகஸ்டில் குஞ்சுகள் வெளிவரும் காலம். கூட்டின் மேல் கம்பிக் கூடு கவிழ்த்து வைத்திருப்பார்கள், அதைத் தொடக் கூடாது. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைக் கடல் என்று எண்ணி நடப்பதால், இரவில் கைவிளக்கோ கைபேசி வெளிச்சமோ காட்டவும் கூடாது. நாங்கள் விடியற்காலையில் போனபோது குஞ்சுகளைக் காணவில்லை, கடல் வரைக்கும் நீண்ட சிறிய தடங்களை மட்டும் பார்த்தோம்.

அண்ணா – லண்டன், 15.05
அக்கா, பெலெக் விடுதியை விட்டுவிடுகிறோம். சீதேயின் பழைய ஊருக்குள்ளேயே இரண்டு அறை பார்க்கிறேன். நீங்கள் தங்கிய வீட்டின் தொடர்பை எனக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளின் நீர்ச்சறுக்குக்கு ஒரு நாள் தனியாகக் கூட்டிக்கொண்டு போனால் போதும். அஸ்பெண்டோஸுக்கு மாலையில்தான் போவோம், அம்மா கீழ்ப்படியிலேயே இருக்கட்டும்.

அத்தான், 15.12
அம்மாவுடையது இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டு என்பதை மறந்துவிடாதே. உங்களுக்கும் எங்களுக்கும் விசா தேவையில்லை, அவருக்கு வேண்டும். அந்த வேலையை நான் இந்தக் கிழமையே தொடங்குகிறேன். பயணக் காப்புறுதியையும் மருந்துச் சீட்டின் பிரதியையும் அவருடைய கைப்பையில் வைத்துவிடுவோம். போன முறை மருத்துவமனையில் அவை கையில் இல்லாமல் சிரமப்பட்டோம்.

அம்மா, 15.30
நான் வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லையே. ஆனால் அந்தப் பெண் தந்த எலுமிச்சைத் தண்ணீர்ப் போத்தல் கார்த்திகையிலேயே முடிந்துவிட்டது. இங்கே துருக்கிக் கடையில் வாங்கியதில் அந்த வாசனை இல்லை. அவருக்குக் கொடுக்கப் பனங்கட்டி வேண்டும். அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குட்டான் வாங்கி அனுப்பிவிடுங்கள்.

மாமா – யாழ்ப்பாணம், 15.34
இரண்டாக அனுப்புகிறேன் தங்கச்சி. மற்றது மாதுளை மரத்து வீட்டு அம்மையாருக்கு.