காம்பன்சேட்டர் கழட்டி மாட்டுனதுலேருந்து குரூப் சிதறுது, அவசரம்

இலக்குவன்_10: பிஸ்டல் காம்பன்சேட்டரை (பேரல் முனையில மாட்டற ஓட்டை போட்ட துண்டு) கழட்டி கிளீன் பண்ணி திரும்ப மாட்டுனேன், அதுலேருந்து குரூப் விரிஞ்சு போச்சு, டார்கெட்ல ஓட்டைங்க ஒண்ணா விழ மாட்டேங்குது. நல்லா ரிலீஸ் ஆன ஷாட்கூட திடீர்னு எட்டாம் வளையத்துல போய் உக்காருது, சைட்ட (குறி பாக்கற பாகம்) திருப்பிப் பாத்தும் பிரயோஜனம் இல்ல. ஞாயித்துக்கிழமை மேட்ச், யாராவது சொல்லுங்க.

பத்துவளையம்: காத்துல சுடற ஏர் பிஸ்டலா, தோட்டா போடற .22-ஆ? எந்த மாடல்? கையில பிடிச்சு சுட்டதா, ரெஸ்ட்ல (தாங்கி மேல) வச்சு சுட்டதா?

கறுப்புமையம்: பெல்லட் (ஏர் பிஸ்டலோட ஈயக் குண்டு) மாத்துனீங்களா? ஹெட் சைஸ் 4.49, 4.50 மி.மீ. ரெண்டையும் சுட்டுப் பாருங்க, எனக்குத் தெரிஞ்சு முக்காவாசி கேஸ் பெல்லட்தான்.

பழைய_ரேஞ்ச்: தம்பி, மொதல்ல ரூல் புக்க தொறந்து பாருங்க. 25 மீட்டர் பிஸ்டல்னா ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) மேட்ச்ல காம்பன்சேட்டரே கூடாது. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்னா பிஸ்டல் 420×200×50 மி.மீ. பெட்டிக்குள்ள முழுசா அடங்கணும், எடை 1500 கிராம் தாண்டக் கூடாது. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மேட்ச் பத்தி யோசிக்கணும்.

இலக்குவன்_10: ஏர் பிஸ்டல், பழைய பெல்லட் டப்பாவேதான்.

முனைக்காற்று: பெல்லட் காம்பன்சேட்டர் உள்ள உரசுதுன்னு நினைக்கிறேன். காத்து சிலிண்டரை கழட்டிட்டு, உள்ள பெல்லட் இல்லைன்னு உறுதி பண்ணிட்டு, காம்பன்சேட்டர் ஓட்டையோட விளிம்ப டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்திவர சமமா சாம்பல் படிஞ்சிருந்தா கவலையில்ல, ஒரே பக்கம் பளபளன்னு ஈயக் கோடு இருந்தா உரசுதுன்னு அர்த்தம். அப்படின்னா கழட்டி, ஒக்கார்ற எடத்துல தூசி, பழைய ஈயம் எல்லாத்தையும் தொடச்சிட்டு நேரா உக்கார வச்சு, ஸ்க்ரூவ கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க, ஒரு பக்கம் மட்டும் முழுசா முறுக்குனா சாஞ்சிடும். அப்புறம் ரெஸ்ட்ல வச்சு சுட்டுப் பாருங்க.

பழைய_ரேஞ்ச்: ஏர் பிஸ்டலுக்கு காம்பன்சேட்டரே அலங்காரம்தான். அரை கிராம் பெல்லட்டுக்கு என்ன பெரிய ரீகாயில் (பின்னாடி உதைக்கறது)?

பத்துவளையம்: ஒத்துக்க மாட்டேன் சார். பெல்லட் பேரலுக்குள்ள இருக்கறவரைக்கும் அது ஒண்ணும் பண்ணாது, சரி. ஆனா வெளிய வந்ததும் பின்னாடி பீச்சற காத்து பெல்லட்டோட பாவாடைய (பின்பக்க விரிஞ்ச விளிம்ப) தள்ளாம பக்கவாட்டுல பிரிச்சு விடுது, மேல பாத்த ஓட்டை வழியா போற காத்து முனைய கீழ அமுக்குது, ஃபாலோ த்ரூல (சுட்டப்புறமும் குறிய அசைக்காம பிடிக்கறதுல) அந்த வித்தியாசம் தெரியும்.

பழைய_ரேஞ்ச்: ஃபாலோ த்ரூ பயிற்சியில வரணும், இரும்புத் துண்டுல இல்ல. நாங்கல்லாம் அது இல்லாமத்தான் சுட்டோம்.

கறுப்புமையம்: பெல்லட்டையும் ஒருவாட்டி மாத்திப் பாருங்கன்னுதான் சொல்றேன், ஹெட் பெருசா இருந்தாலும் உரசும்ல.

முனைக்காற்று: அதே பெல்லட் கழட்டறதுக்கு முன்னாடி ஒழுங்கா போயிருக்கே. சார், பயிற்சி வேணும்தான், ஆனா பெல்லட் உரசுனா எவ்ளோ பயிற்சி இருந்தும் பத்து விழாது.

இலக்குவன்_10: இடது விளிம்புல கோடு இருந்துச்சு. தொடச்சு மாட்டிட்டேன், ரெஸ்ட்ல குரூப் சேந்துருச்சு. நன்றி முனைக்காற்று.

முனைக்காற்று: சந்தோஷம். முன் சைட் காம்பன்சேட்டர் மேலயே இருக்கற மாடலா? அப்படின்னா ஜீரோ (குறியும் குண்டு விழற எடமும் ஒண்ணா இருக்கற செட்டிங்) மாறியிருக்கும், மேட்சுக்கு முன்னாடி சைட்ட திரும்ப செட் பண்ணிடுங்க.

பத்துவளையம்: மாடல் எதுன்னு இன்னும் சொல்லவே இல்லையே?