லாம்போ மைதானத்தில் முதல் டெயில்கேட்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

விஸ்கான்சின் நண்பர்களுக்கு வணக்கம். ஆகஸ்டில் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் சீசனுக்கு முந்தைய ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களையும் அழைத்திருக்கிறார். ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில், வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து நடத்தும் டெயில்கேட் விருந்துதான் அவருக்கு உயிர். சீசன் டிக்கெட்டுக்காக லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அணி இது. தன் அப்பா காலத்திலிருந்து வரும் இருக்கைகளில் எங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். நெகிழ்ந்துபோனேன்.

போன ஞாயிறு அவர் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை நடந்தது. வெங்காயம் போட்டு பீரில் வேகவைத்த பிராட்வர்ஸ்ட் என்ற இறைச்சி சாசேஜைக் கரி அடுப்பில் இடுக்கியால் மெல்லப் புரட்டினார். தோலில் ஓட்டை விழுந்தால் சாறெல்லாம் ஒழுகிவிடும் என்று முள்கரண்டியைக் கிட்டவே விடவில்லை. என் மகன் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை.

நாங்கள் சைவம். பனீரும் சோளமும் வாட்ட, தனியாக ஒரு சிறிய அடுப்பு கொண்டுபோகலாமா? ஒரு வண்டிக்கு ஓர் அடுப்புதான் என்று விதி ஏதும் உண்டா? கிளம்பும்போது சூடான கரியை எங்கே கொட்டுவது?

வெறுங்கையுடன் போக மனமில்லை. இருபது பேர் வருவார்கள். மசால் வடை கொண்டுபோகலாம் என்கிறார் அம்மா. ஆறினால் இறுகிவிடுமே என்று எனக்குக் கவலை. அங்கே நம் பலகாரம் கொண்டுபோனவர்கள், எது முதலில் தீர்ந்தது என்று சொல்லுங்கள். காரம் எவ்வளவு குறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் தெரிந்தால் சாமான் வாங்க வசதியாக இருக்கும்.