நிஞ்ஜா 250ஆருக்குப் பின் டயர் 130ஆ, 140ஆ, 150ஆ?

கல்லடி_தம்பி
வணக்கம் அண்ணன்மார். போன மாதம்தான் 2010ஆம் ஆண்டு கவாசாக்கி நிஞ்ஜா 250ஆர் ஒன்று பாவித்த பைக்காக எடுத்தேன். பின் டயர் முடிந்துவிட்டது. நடுவில் பலகை மாதிரித் தட்டையாகிவிட்டது, ஓரத்தில் மட்டும் தவாளிப்பு புதிதாக இருக்கிறது. பூட்டியிருப்பது கம்பனி சைஸ் 130/70-17. கடைக்காரர் 150/60 போடச் சொல்கிறார், பின்னுக்கு எடுப்பாக இருக்குமாம், பிடிப்பும் கூடவாம். நண்பன் 140/70 போதும் என்கிறான். வேலைக்குத் தினமும் கல்முனை போய் வருகிறேன். மாரி தொடங்க முன் மாற்ற வேண்டும். எதைப் போடலாம்?

படுவான்கரை_ரைடர்
தம்பி, 150/60 போடுங்கள். என் 250ஆரில் இரண்டு வருடமாக அதுதான் ஓடுகிறது. பெரிய டயர் போட்டால் கியர் இழுவை கெடும் என்று பலர் பயமுறுத்துவார்கள், கணக்கைப் பாருங்கள். 130/70 என்றால் டயரின் அகலம் 130 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த 130இல் 70 வீதம், அதாவது 91 மில்லிமீற்றர். ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8. மேலும் கீழும் 91ஐக் கூட்டினால் விட்டம் 613.8. 150/60க்கு அதே கணக்குப் போட்டால் 611.8. வித்தியாசம் வெறும் 2 மில்லிமீற்றர். 140/70தான் 627.8க்கு ஏறும். பின்பக்கம் 7 மில்லிமீற்றர் உயரும், எடுக்கும்போது இழுவை குறையும், மீற்றரும் பிழையாகக் காட்டும்.

அக்கரைப்பற்று_நானா
கணக்குச் சரி, ஆனால் பாதிக் கணக்கு. ரிம்மை விட்டுவிட்டீர்கள் தம்பி.

250ஆரின் பின் ரிம்மின் அகலம் 3.50 அங்குலம். 130/70க்கு அளந்து செய்த ரிம் அது. 140/70க்குப் பொருத்தமானது 4 அங்குலம், 3.50 என்பது அதன் கடைசி எல்லை. 150/60ஐக் கம்பனியே பூட்டித் தருகிற கேடிஎம் 390ஐப் பாருங்கள், அதற்கு 4 அங்குல ரிம். அந்த டயரைக் கொண்டுவந்து 3.50இல் ஏற்றினால் இரண்டு விளிம்பும் உள்ளே இழுபடும், நடு முதுகு கூம்பும். அரை அங்குலம் ஒடுங்கிய ரிம்மில் டயரின் அகலமும் கிட்டத்தட்ட 5 மில்லிமீற்றர் ஒடுங்கும். 150க்குக் காசு கொடுத்து 145ஐ ஓட்டுகிறீர்கள். முதுகு கூம்பினால் விட்டமும் கூடும், உங்கள் 611.8 அந்த இடத்தில் நிற்காது.

நேராகப் போகும்போது கூம்பிய முதுகின் ஒரு கீற்றுத்தான் ரோட்டைத் தொடும். கல்லடியிலிருந்து கல்முனைக்கு வளைவு எத்தனை? முழுக்க நேர் வீதி. அதனால்தானே இந்தத் தம்பியின் டயர் நடுவில் பலகையாகி இருக்கிறது.

படுவான்கரை_ரைடர்
நானா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் மகியங்கனை தாண்டி 18 வளைவு மலைப் பாதையில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறேன், ஒரு தடவைகூட வழுக்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். 130/70இல் பாரக் குறியீடு 62, தாங்குவது 265 கிலோ. என் 150/60இல் 66, அது 300 கிலோ. இரண்டு பேரும் பையும் என்றால் அந்த 35 கிலோ பெரிய விசயம் இல்லையா?

அக்கரைப்பற்று_நானா
265 என்பது பின் டயர் மட்டும் தாங்குகிற பாரம். பைக் எண்ணெயோடு 170 கிலோ அளவில் வரும், அதில் பாதிதான் பின்னுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து 140 என்று வையுங்கள், அதை முழுதாகவே பின்னுக்குப் போட்டாலும் 225. கம்பனி சைஸ் தாராளமாகத் தாங்கும்.

வழுக்கவில்லை என்பதை நம்புகிறேன், நல்ல ரப்பர் கூம்பினாலும் பிடிக்கும். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். பள்ளிக்கூடத்துச் சோக்கால் டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரை தடிப்பாகக் கோடு போடுங்கள். வழக்கமாக ஓடுகிற வளைவுகளில் ஓடிவிட்டு இறங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சோக் அழியவில்லையோ அந்த அகலம் உங்களுக்கு வேலை செய்யவில்லை.

கல்முனை_140
இரண்டு பேரும் 140ஐ நடுவில் விட்டுவிட்டீர்கள். முதலில் ஒரு திருத்தம்: 250ஆரின் மீற்றர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறது. பின்னுக்கு எந்த சைஸ் போட்டாலும் மீற்றர் மாறாது. வேறு சில பைக்குகளில் மாறும், இதில் இல்லை.

பின்பக்கம் 7 மில்லிமீற்றர் உயர்வது எனக்குப் பிடித்திருக்கிறது, பைக் சுறுக்கென்று திரும்புகிறது. முக்கியமான காரணம் வேறு. யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு, ஹோண்டா சிபிஆர் 250ஆர் எல்லாம் 140/70-17தான். அதனால் இந்த அளவில் தெரிவு அதிகம், நல்ல ரப்பராகப் பார்த்து எடுக்கலாம். 130இல் கிடைப்பதைப் பூட்டுவதை விட அது மேல்.

அக்கரைப்பற்று_நானா
மீற்றர் பற்றிச் சொன்னது சரி. 140ஐ நான் அடியோடு மறுக்கவில்லை, எல்லைக்குள் இருக்கிறது. 130 கிடைக்காவிட்டால் போடலாம். ஆனால் மழையை யோசியுங்கள். வீதியில் தண்ணீர் நிற்கும்போது ஒடுங்கிய டயர் அதை வெட்டிக்கொண்டு கீழே போகும், அகன்றது மேலே மிதக்கப் பார்க்கும். மார்கழியில் களுவாஞ்சிகுடிப் பக்கம் இருட்டோடு வேலைக்குப் போகிறவருக்கு அதுதான் பெரிய கணக்கு.

கல்லடி_தம்பி
நன்றி. நேற்று மண்ணெண்ணெய்த் துணியால் பின் ரிம்மைத் துடைத்தேன். கிறீஸும் மண்ணும் சேர்ந்து கறுப்பாக உறைந்து போயிருந்தது, நகத்தால் சுரண்டின பிறகுதான் எழுத்துத் தெரிந்தது. விட்டம் 17, அகலம் நானா சொன்ன மாதிரி 3.50. 150ஐ விட்டுவிட்டேன். இப்போது 130ஆ 140ஆ என்பதுதான்.

படுவான்கரை_ரைடர்
சோக் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு காலை செங்கலடியால் மகாஓயா வரை போய் வந்தேன். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குச் சோக் அப்படியே இருந்தது. ஓட்டுபவரின் சாய்வு போதவில்லை என்றும் சொல்லலாம், ஆனால் பழைய 130இல் நான் ஓரம் வரை தேய்த்தவன், அது எனக்குத் தெரியும். டயரின் இடப் பக்கச் சுவரில் மெல்லிய கறுப்புக் கோடும் கண்டேன். மனைவியை உட்கார வைத்து இடைவெளியைப் பார்த்தேன், செயினுக்கும் டயருக்கும் நடுவே வீட்டுச் சாவி நுழையவில்லை.

இருந்தாலும் 150 கூடாது என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்ல நிலையில் உள்ள டயர், நேராக ஓடும்போது பைக் அசையாமல் நிற்கிறது. முடியும் வரை ஓட்டுவேன்.

அக்கரைப்பற்று_நானா
அந்தக் கறுப்புக் கோடு செயின் உரசின கோடு. முடியும் வரை காத்திருக்க வேண்டாம் தம்பி. மனைவியை ஏற்றும் பைக் அது. பக்கச் சுவர்தான் டயரில் மெல்லிய இடம், அங்கே செயின் அறுத்தால் ஒட்டுப் போட முடியாது. குறைந்தது பக்கத்துக் கராஜில் சக்கரம் நேராக நிற்கிறதா என்றாவது பார்ப்பியுங்கள். பின்னுக்குக் காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்?

படுவான்கரை_ரைடர்
40. கடையில் அப்படித்தான் அடிப்பார்கள்.

அக்கரைப்பற்று_நானா
இந்த பைக்குக்கு முன்னுக்கு 28, பின்னுக்கு 32. ஏற்கனவே கூம்பின முதுகை 40இல் இன்னும் கூம்ப வைக்கிறீர்கள். காலையில் டயர் சூடாவதற்கு முன்பே பின் டயரை 32க்கு இறக்கி, அதே வீதியில் திரும்பவும் சோக் போட்டுப் பாருங்கள்.

கல்முனை_140
கல்லடித் தம்பி, எதை எடுத்தாலும் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. கடையில் வெயிலில் தொங்கிக் கிடந்த பழைய டயரைப் புதிது என்று தருவார்கள்.

கல்லடி_தம்பி
பார்த்துவிட்டேன் அண்ணன். கடையில் இருந்த 140 ஐந்து வருடம் பழையது, பக்கச் சுவரை அமத்தினால் மெல்லிய வெடிப்புத் தெரிகிறது. 130/70 புதிது வியாழக்கிழமை வரும் என்றார்கள். அதற்கே முற்பணம் கட்டிவிட்டேன்.

படுவான்கரை_ரைடர்
32க்கு இறக்கிவிட்டேன் நானா. சனிக்கிழமை அதே வீதியில் ஓடிவிட்டு படம் போடுகிறேன். செயின் பக்கத்தையும் கராஜில் காட்டுகிறேன்.