ஸ்கிரம் மாஸ்டர் தேர்வு மறுபடியும் போய்விட்டது, அவசர உதவி தேவை

வைகை_ஜோபர்க்:
வணக்கம். ஸ்கிரம் (மென்பொருள் வேலையைச் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்யும் முறை) டீமுக்கு வழிகாட்டும் ஸ்கிரம் மாஸ்டர் பொறுப்புக்கான சான்றிதழ்த் தேர்வை நேற்று ராத்திரி எழுதினேன். 82.5 சதவீதம் வந்தும் ஃபெயில் என்று காட்டுகிறது. போன முறையும் இதே கதைதான். மாதிரித் தேர்வில் எப்போதும் 95க்குக் குறைவதில்லை. மாத முடிவுக்குள் சான்றிதழ் காட்டினால்தான் புது டீமில் போடுவேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். என்ன செய்தால் பாஸ் ஆகலாம்? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

லெனேசியா_தேவி:
எந்தத் தேர்வு தம்பி? ஸ்கிரம் அலையன்ஸ் நடத்தும் சிஎஸ்எம்மா, ஸ்கிரம்.ஆர்க் நடத்தும் பிஎஸ்எம்மா, சேஃப் அமைப்பின் தேர்வா? ஸ்கிரம் மாஸ்டர் என்ற பெயரில் பல அமைப்புகள் தேர்வு நடத்துகின்றன. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு, பாஸ் மார்க் வேறு. வகுப்புக்குப் போனீர்களா, நீங்களாகவே படித்தீர்களா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கேப்டவுன்_மணி:
வீட்டில் உட்கார்ந்தா எழுதினீர்கள்? ராத்திரி என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (முறை வைத்து கரண்டை நிறுத்துவது) முன்னைப் போல் இல்லை, சரி. ஆனால் கேபிள் திருட்டு, லோட் ரிடக்ஷன் (பளு கூடிய ஏரியாவில் மட்டும் கரண்டை நிறுத்துவது) என்று சில ஏரியாக்களில் கரண்ட் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பிஎஸ்எம் தேர்வு என்றால் ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்தான் கிடைக்கும். நெட் போனாலும் கடிகாரம் நிற்காது. இரண்டு நிமிடம் போனால் மூன்று கேள்வி போனது மாதிரி. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், போனில் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும். படிப்பில் குறை இல்லாதவர்கள் கூட இப்படித்தான் விழுகிறார்கள்.

பிரிட்டோரியா_அம்மு:
82.5 எடுத்து ஃபெயில் என்றால் அது சிஎஸ்எம் ஆக இருக்க முடியாது. அதற்கு 50க்கு 37, அதாவது 74 சதவீதம் போதும். 85 கேட்பது பிஎஸ்எம் 1. அதில் 80 கேள்வி, 60 நிமிடம், 68 சரியாக இருக்க வேண்டும். 82.5 என்றால் 66 சரி. இரண்டே கேள்வியில் போயிருக்கிறது.

வைகை, மாதிரித் தேர்வு எங்கே எழுதினீர்கள்? என் சந்தேகம் அதன் மேல்தான்.

வைகை_ஜோபர்க்:
பிஎஸ்எம் 1தான். வகுப்புக்குப் போகவில்லை. கரண்ட் பிரச்சினை எதுவும் இல்லை, நேரமும் மீதி இருந்தது. மாதிரித் தேர்வு ஒரு நண்பர் அனுப்பிய பிடிஎஃப். 400 கேள்வி இருக்கும், எல்லாம் மனப்பாடம்.

மூத்த_பிஎம்:
இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஸ்கிரம் விதிகளைச் சொல்லும் ஸ்கிரம் கையேடு மொத்தமும் பதினான்கு பக்கத்துக்குள் முடிந்துவிடும். அதைப் படிக்கப் பொறுமை இல்லாமல் 400 கேள்வியை உருப்போடுகிறார்கள். நீண்ட காலம் ப்ராஜெக்ட் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சான்றிதழ்த் தேர்வு) எழுதுங்கள். அதற்கு 35 மணி நேரப் பயிற்சி வேண்டும், பட்டதாரிக்கு 36 மாத அனுபவம் வேண்டும். அந்த வடிகட்டல் இருப்பதால்தான் மதிப்பு. அனுபவமே கேட்காத ஒரு மணி நேரத் தேர்வை வைத்து ஒருவரிடம் டீமை ஒப்படைப்பது சரியல்ல என்பது என் கருத்து.

லெனேசியா_தேவி:
அண்ணா, தம்பிக்கு மாத முடிவுக்குள் வேண்டும். பிஎம்பி விண்ணப்பம் தணிக்கைக்குப் போனால் பழைய மேனேஜர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்க வேண்டும், அது இந்த மாதம் நடக்கிற காரியமா? இன்னொன்று, 2021 ஜனவரியிலிருந்து பிஎம்பி தேர்விலேயே பாதியாவது அஜைலும் (ஸ்கிரம் போலச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் முறைகள்) ஹைப்ரிடும் (அதையும் பழைய முறையையும் கலந்தது) தான். ஸ்கிரம் தெரியாமல் அதையும் தாண்ட முடியாது.

பிரிட்டோரியா_அம்மு:
வைகை, அந்த பிடிஎஃபைத் திறந்து 'டெவலப்மென்ட் டீம்' என்று தேடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் வந்தால் அது 2017 கையேட்டை வைத்துத் தயாரித்தது. 2020 நவம்பரில் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் கையேட்டைத் திருத்தி வெளியிட்டார்கள். ஸ்கிரம் டீமுக்குள் டெவலப்மென்ட் டீம் என்று இன்னொரு டீம் இருப்பதே இப்போது கிடையாது. ப்ராடக்ட் ஓனர் (எந்த வேலை முதலில் என்று முடிவு செய்பவர்), ஸ்கிரம் மாஸ்டர், டெவலப்பர்கள் எல்லோரும் ஒரே ஸ்கிரம் டீம், பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு. பழைய கேள்வித்தாள் டெவலப்மென்ட் டீமில் 3 முதல் 9 பேர் என்று சொல்லும். டெய்லி ஸ்கிரம் என்ற தினசரிச் சிறு கூட்டத்தில் நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று கேட்கும் மூன்று கேள்விகளைக் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிண்ட் (ஒரு வேலைச் சுற்று) முடிவில் நடக்கும் ரெட்ரோ கூட்டத்தில் கண்ட மேம்பாட்டில் ஒன்றாவது அடுத்த ஸ்பிரிண்ட் பேக்லாகில் (வேலைப் பட்டியலில்) இருக்க வேண்டும் என்ற விதியும் போயிற்று, இப்போது சேர்க்கலாம் என்றுதான் இருக்கிறது. ப்ராடக்ட் கோல் (ப்ராடக்ட் எட்ட வேண்டிய நீண்டகால இலக்கு) புதிதாக வந்தது.

இதில் நான்கைந்து கேள்வி வந்தாலே 66இல் நின்றுவிடுவீர்கள். பழைய விடையை எவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்களோ அவ்வளவு உறுதியாகத் தப்பு விடையை அழுத்துவீர்கள். பிடிஎஃபில் 95 வருவதற்கும் தேர்வில் 82 வருவதற்கும் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

சாட்ஸ்வர்த்_செல்வம்:
அம்மு சொல்வது பாதிதான் என்று நினைக்கிறேன். வைகை, நீங்கள் இப்போது என்ன வேலையில் இருக்கிறீர்கள்? டீம் லீடா, ப்ராஜெக்ட் மேனேஜரா?

நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டர்பனில் எங்களோடு சேர்ந்து படித்தவர்களில் மேனேஜர் வேலை பார்த்தவர்கள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஸ்பிரிண்ட் நடுவில் வாடிக்கையாளர் புது வேலை ஒன்றோடு வந்தால் யார் முடிவு செய்வது? வேலையை யாருக்கு யார் பிரித்துக் கொடுப்பது? ஸ்பிரிண்டையே ரத்து செய்ய யாருக்கு அதிகாரம்? மேனேஜர் மூளை உடனே 'ஸ்கிரம் மாஸ்டர்' என்று சொல்லும். வேலையைப் பிரித்துக்கொள்வது டெவலப்பர்கள். ஸ்பிரிண்ட் நடுவில் வேலையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் ப்ராடக்ட் ஓனரும் டெவலப்பர்களும் பேசி முடிவு செய்வது, அதுவும் ஸ்பிரிண்ட் கோலுக்கு (அந்தச் சுற்றின் இலக்குக்கு) கேடு வராமல். ரத்து செய்வது ப்ராடக்ட் ஓனர் மட்டும், அதுவும் கோலுக்கே அர்த்தம் இல்லாமல் போனால்தான். ஆபீஸில் எப்படி நடக்கிறது என்பதை வைத்து விடை எழுதினால் தோல்விதான்.

கேப்டவுன்_மணி:
சரி, நெட் பிரச்சினை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 200 டாலரைக் கையிலிருந்து ஏன் கட்டுகிறீர்கள்? ராண்டில் மூவாயிரத்துக்கு மேல் வருகிறதே. கம்பெனி ஸ்கில்ஸ் லெவி (ஊழியர் பயிற்சிக்காக அரசுக்குக் கட்டும் வரி) கட்டுகிறதல்லவா, அதிலிருந்து கட்டணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

லெனேசியா_தேவி:
அது அவ்வளவு நேராக நடப்பதில்லை மணி. சம்பளத் தொகையில் 1 சதவீதம் லெவி, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ராண்டுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் கட்ட வேண்டும். ஏப்ரல் 30க்குள் பயிற்சித் திட்டத்தைச் சேட்டாவிடம் (துறைவாரிப் பயிற்சி அமைப்பு) கொடுத்த கம்பெனிக்கு அதில் 20 சதவீதம் திரும்ப வரும். அது கம்பெனிக்கு வரும் பணம், ஊழியர் பெயரில் வருவதில்லை. தேர்வுக் கட்டணத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்பது முழுக்க கம்பெனியின் விருப்பம்.

சாட்ஸ்வர்த்_செல்வம்:
இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிஇஇ (கறுப்பின மக்களைப் பொருளாதாரத்தில் உயர்த்தும் அரசுத் திட்டம்) கம்பெனிக்குத் தரும் மதிப்பெண்ணுக்குக் கணக்கில் வருவது இந்த நாட்டுக் கறுப்பின மக்களுக்கான பயிற்சிச் செலவு. அதில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் அடக்கம், எங்களைப் போல. வேலைக்காக இப்போது வந்தவர்கள் அடக்கம் இல்லை. அதனால் கம்பெனி முதலில் உள்ளூர் ஆட்களை அனுப்பும். வைகை போன்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்பது நல்லது.

கேப்டவுன்_மணி:
ஒரே டீம், ஒரே வேலை. ஒருவருக்குக் கட்டணம் கட்டி இன்னொருவரை உன் காசில் எழுது என்பது எந்த நியாயம்?

சாட்ஸ்வர்த்_செல்வம்:
மணி அண்ணா, எங்கள் பாட்டன் பூட்டன் 1860இலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எங்கள் அப்பா தலைமுறைக்குக் கல்லூரியில் எந்தப் படிப்பு, எந்த வேலை என்பதைக் கூட சட்டம்தான் முடிவு செய்தது. அதைச் சரிசெய்ய வந்த விதி இது. உங்களுக்கு எதிரானது அல்ல. நீங்கள் வரும்போது கையில் ஒரு பட்டமாவது இருந்தது.

கேப்டவுன்_மணி:
அந்த வரலாற்றை நான் மறுக்கவில்லை தம்பி. வைகையின் நிலையைப் பார்த்துத்தான் சொன்னேன். மேனேஜர் கேட்கும் சான்றிதழுக்கு மேனேஜர்தான் வழி செய்ய வேண்டும், லெவி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

சாட்ஸ்வர்த்_செல்வம்:
அதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மூத்த_பிஎம்:
கேட்டவருக்குச் சம்பந்தமில்லாத பேச்சு நீண்டுகொண்டே போகிறது. அவருக்குத் தேவையான விடை அம்முவின் பதிவில் இருக்கிறது. நான் முதலிலேயே சொன்ன கையேடும் அதுதான்.

பிரிட்டோரியா_அம்மு:
சரி, வழிக்கு வருவோம். வைகை, முடிவு வந்த மின்னஞ்சலில் எந்தப் பகுதியில் எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதை முதலில் பாருங்கள். அப்புறம் பிடிஎஃபை மூடிவிட்டு 2020 கையேட்டை வரி வரியாகப் படியுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'இதற்கு யார் பொறுப்பு' என்று கேட்டுக்கொண்டே போனால் செல்வம் சொன்ன குழப்பமும் தீரும். ஸ்கிரம்.ஆர்க் தளத்தில் ஸ்கிரம் ஓப்பன் என்று 30 கேள்வித் தேர்வு இலவசமாக இருக்கிறது. தொடர்ந்து முழு மதிப்பெண் வரும்வரை எழுதுங்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப வரும், அதையும் மனப்பாடம் செய்துவிடாமல் ஒவ்வொரு விடையும் ஏன் சரி என்று கையேட்டில் தேடிப் பாருங்கள். ப்ராடக்ட் ஓனர் ஓப்பனையும் எழுதுங்கள், பிஎஸ்எம் தேர்வில் அந்தப் பக்கத்துக் கேள்விகள் நிறைய வரும்.

கட்டணம் கட்டும் முன் இதைச் செய்யுங்கள். கட்டிய பிறகு வரும் கடவுச்சொல்லுக்குக் காலாவதி கிடையாது, அதனால் தயாராகும் வரை அவசரப்பட்டு உட்கார வேண்டாம்.

வைகை_ஜோபர்க்:
டெவலப்மென்ட் டீம் என்று தேடினேன், நிறைய வந்தது. டீம் லீட் வேலைதான் பார்க்கிறேன். நன்றி.

லெனேசியா_தேவி:
என்ன ஆயிற்று தம்பி? எழுதினீர்களா?

வைகை_ஜோபர்க்:
பாஸ். 74/80. கையேடும் ஓப்பன் தேர்வும் மட்டும்தான் படித்தேன். எல்லோருக்கும் நன்றி. கட்டணம் கேட்டேன், பார்க்கலாம் என்கிறார்கள்.

பிரிட்டோரியா_அம்மு:
ரொம்ப சந்தோஷம்! இந்தச் சான்றிதழுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் கிடையாது, வாழ்நாள் முழுக்கச் செல்லும். அதை மேனேஜரிடம் சொல்லுங்கள். சிஎஸ்எம் ஆக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 100 டாலரும் 20 மணி நேரக் கற்றல் கணக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். கட்டணத்தைத் திரும்பக் கொடுக்க இது அவர்களுக்கு ஒரு காரணமாக இருக்கும்.

புதியவள்_மிட்ராண்ட்:
இதே இழையில் கேட்கலாமா? நான் சிஎஸ்எம் வகுப்பு முடித்துவிட்டேன், தேர்வு இன்னும் எழுதவில்லை. இப்போது உள்ளே போனால் பணம் கேட்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

லெனேசியா_தேவி:
வகுப்பு முடிந்து ஸ்கிரம் அலையன்ஸிலிருந்து வரவேற்பு அஞ்சல் வந்த நாள் எது என்று பாருங்கள் அம்மா. அன்றிலிருந்து 90 நாளுக்குள் இரண்டு முறை இலவசமாக எழுதலாம், அது தாண்டினால் ஒவ்வொரு முறைக்கும் 25 டாலர். அப்படி ஓர் அஞ்சலே வரவில்லை என்றால் மட்டும் கவலைப்படுங்கள். வகுப்பு எடுத்தவரின் பெயர் ஸ்கிரம் அலையன்ஸ் தளத்தின் பயிற்சியாளர் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.