பசி பற்றிய பதிலும் இரத்தப் பரிசோதனையும் ஒத்துப்போகாதபோது எதை எப்படி எழுதுவது?

ஆய்வுமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதார முதுநிலை ஆய்வேட்டுக்காக, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் உணவையும் இரும்புச்சத்து நிலையையும் ஆராய்ந்து வருகிறேன். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் எட்டுக் கேள்விகள் கொண்ட உணவுப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோலை வீடுவீடாகக் கேட்டோம். முந்தைய நாள் உண்டவற்றைக் கேட்டறிந்து, பத்து உணவுத் தொகுதிகளில் எத்தனை இடம்பெற்றன என்று கணக்கிட்டோம். விரல் நுனி இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தோம். ஒரு பகுதியினரிடம் மட்டும் சிரை இரத்தம் எடுத்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதமும் பார்த்தோம்.

உணவுப் பாதுகாப்பின்மை கூடக் கூட உணவுப் பன்மை குறைவது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஹீமோகுளோபினோடு அதற்குத் தொடர்பே இல்லாததுபோல் இருக்கிறது. கடுமையான பாதுகாப்பின்மை உள்ள வீடுகளில் ஃபெரிட்டின் சற்றுக் கூடுதலாகக்கூடக் காணப்படுகிறது. என் வழிகாட்டுக் குழுவில் ஒருவர், பசியைப் பற்றி மக்கள் மிகைப்படுத்தியிருப்பார்கள், இரத்தம் பொய் சொல்லாது என்று கருதுகிறார். அப்படி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துப் பேசப் போதிய காரணமும் கையில் இல்லை. இந்த முரண்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

ஆய்வகப்பணி எழுதியது:

முதலில் ஃபெரிட்டினை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் உங்கள் குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஃபெரிட்டின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம் மட்டுமன்று. உடலில் தொற்றோ அழற்சியோ ஏற்படும்போது தானாகவே உயர்கின்ற புரதமும்கூட. ஆகவே சேமிப்பு வற்றிப்போன ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலோ ஆறாத தொற்றோ இருந்தால், அவருடைய ஃபெரிட்டின் இயல்பான அளவில் இருப்பதாகவே கருவி காட்டும். வறுமை மிகுந்த வீடுகளில் தொற்றும் மிகுந்திருப்பது வழக்கம் என்பதால், நீங்கள் கண்ட அந்தச் சிறு உயர்வு எனக்கு வியப்பளிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நலமாக உள்ள பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் இரும்புக் குறைபாடு என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவர்களுக்கு அந்த எல்லை 70 மைக்ரோகிராம் என்றும் கூறப்பட்டுள்ளது. இரண்டு எல்லைகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். அழற்சியை அளக்காமல் ஃபெரிட்டினை மட்டும் அளந்த ஆய்வு, எந்த எல்லையைப் பயன்படுத்துவது என்றே அறியாமல் நிற்கிறது. இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் உறைநிலையில் இருந்தால், அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தையும் ஆல்ஃபா-1 அமில கிளைக்கோபுரதத்தையும் இப்போதும் அளக்க முடியும். முன்னது விரைவாக ஏறி விரைவாக இறங்கும். பின்னது மெதுவாக ஏறி நெடுநாள் நிற்கும். இரண்டையும் வைத்து ஃபெரிட்டின் எண்ணைத் திருத்தும் புள்ளியியல் பின்னடைவு முறையை பிரிண்டா என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு உருவாக்கியிருக்கிறது.

விரல் நுனி இரத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலைக் குத்தியபின் துளி வரவில்லையென்று களத்தில் விரலை அழுத்திப் பிழிவார்கள். அப்போது திசுநீரும் சேர்ந்து வந்து இரத்தம் நீர்த்துவிடும். முதல் துளியைத் துடைத்தார்களா, கை குளிர்ந்திருந்ததா என்பதைப் பொறுத்து ஒருவருக்கே வெவ்வேறு எண்கள் கிடைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சிரை இரத்தத்தையும் தானியங்கி இரத்தப் பகுப்பாய்வுக் கருவியையும் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். இரத்தம் பொய் சொல்லாது என்பவர், அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும்.

தொற்றுநோயியல்வழி எழுதியது:

மேலே சொன்ன அளவீட்டுப் பிழைகள் ஒன்றுமே இல்லாவிட்டாலும், நீங்கள் எதிர்பார்த்த நேர்கோட்டுத் தொடர்பு கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. எட்டுக் கேள்விகளும் எங்கிருந்து தொடங்குகின்றன என்று பாருங்கள். பணமோ பிற வசதியோ இல்லாததால் உணவு போதாமல் போகுமோ என்ற கவலையில் தொடங்கி, சத்தான உணவு கிடைக்காமை, சில வகை உணவுகளை மட்டுமே உண்ணுதல், ஒரு வேளையைத் தவிர்த்தல் என்று நகர்ந்து, நாள் முழுதும் உண்ணாமலிருப்பதில் முடிகின்றன. இந்த வரிசையின் வேர், பசியை அனுபவித்த பெண்களிடமே நேரில் பேசிப் பெற்ற அறிவு: முதலில் கவலை வருகிறது, அடுத்துத் தரம் குறைகிறது, அளவு குறைவது கடைசியில்தான். முதல் இரண்டு நிலைகளில் இருப்பவரின் இரத்தத்தில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். அதனால் அவர் பட்ட துன்பம் பொய்யாகிவிடாது.

காலக் கணக்கும் வேறு. அளவுகோல் பெரும்பாலும் கடந்த 12 மாதங்களைக் கேட்கிறது. உணவுப் பன்மை நேற்றைய ஒரு நாளைக் கேட்கிறது. இரும்புக் குறைபாட்டிலோ முதலில் சேமிப்பு வற்றுகிறது, அதன்பின் சிவப்பணு உற்பத்திக்கு இரும்பு போதாமல் போகிறது, ஹீமோகுளோபின் இறங்குவது அதற்கும் பிறகுதான். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால் அந்த இறக்கமும் மெதுவாகவே வெளிப்படும். வீட்டு அளவில் கேட்ட கேள்வி, அந்த வீட்டுக்குள் யார் எவ்வளவு உண்டார் என்பதையும் சொல்லாது.

இரத்தசோகைக்கு உணவு ஒன்றே காரணம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். மிகுதியான மாதவிடாய், கொக்கிப்புழு, மலேரியா, மரபுவழி ஹீமோகுளோபின் கோளாறுகள் எல்லாம் அதில் பங்கு கொள்கின்றன. அழற்சியின்போது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதையே தடுத்துவிடும். அந்த நிலையில் ஒரு பெண் நன்றாக உண்டும் பயனிராது. தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மமும் இரும்பு உறிஞ்சுதலைக் குறைக்கிறது.

எனவே குழுவில் உள்ளவருக்கு என் பதில் இது. மூன்று கருவிகளும் மூன்று வெவ்வேறு நிலைகளை அளக்கின்றன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய்யென்று தீர்ப்பளிக்க முடியாது. பாதுகாப்பின்மையும் உணவுப் பன்மையும் ஒத்துப்போவதே, பதில் சொன்னவர்கள் கவனமாகச் சொன்னார்கள் என்பதற்கு ஓரளவு சான்று. எட்டுப் பதில்களும் ஒரே தன்மையைச் சீராக அளக்கின்றனவா என்று சோதிக்கும் ராஷ் என்ற புள்ளியியல் மாதிரியில் பொருந்துகின்றனவா என்று பார்த்தீர்கள் என்றால், இன்னும் உறுதியாகப் பேசலாம்.

களப்பணி எழுதியது:

மிகைப்படுத்தியிருப்பார்கள் என்ற சொல் எனக்கு வருத்தமளிக்கிறது. உதவி கிடைக்கும் என்ற எண்ணம் பரவினால் சிலர் கூட்டிச் சொல்வது உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் அடிக்கடி கண்டது இதற்கு எதிரானது. மாமியாரோ கணவரோ அருகில் அமர்ந்திருக்கும்போது, நாள் முழுதும் உண்ணாமல் இருந்ததுண்டா என்று கேட்டால், அந்தப் பெண் ஒரு கணம் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பார். தனியே கேட்டால் வேறு பதில் வரும். நேர்காணலின்போது வேறு யார் இருந்தார்கள் என்று உங்கள் படிவத்தில் குறித்திருந்தால், அதை ஒரு மாறியாகச் சேர்த்துப் பாருங்கள்.

உணவு நினைவுகூரலிலும் இதே நிலைதான். என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரே மூச்சில் கேட்டால் பெரிய உணவு வேளைகள் மட்டுமே வரும். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து வரிசையாகச் சொல்ல விட்டு, பிறகு இடைவெளிகளுக்குத் திரும்பிப் போய், சமைக்கும்போது ஏதாவது வாயில் போட்டுக்கொண்டீர்களா, குழந்தை மிச்சம் வைத்ததை உண்டீர்களா என்று கேட்க வேண்டும். மிச்சம் உண்டதைப் பல பெண்கள் சாப்பிட்டதாகவே கணக்கில் கொள்வதில்லை.

ஆய்வுமாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சீரம் உறைநிலையில் இருக்கிறது. அழற்சிப் புரதங்களை அளக்க அனுமதி கேட்கப்போகிறேன். இன்னொரு ஐயம். முந்தைய நாள் உணவின் அளவுகளையும் குறித்திருக்கிறோம். அதிலிருந்து, பரிந்துரைக்கப்பட்ட அளவுக்குக் கீழ் இரும்பு உட்கொள்வோர் இத்தனை விழுக்காடு என்று எழுதலாமா?

தொற்றுநோயியல்வழி எழுதியது:

எழுத வேண்டாம். பரிந்துரைக்கப்பட்ட அளவு என்பது நலமுள்ள மக்களில் 97 முதல் 98 விழுக்காட்டினரின் தேவையை நிறைவு செய்யும்படி உயர்த்தி வைக்கப்பட்டது. அதற்குக் கீழ் உள்ளவர்களை எல்லாம் குறைபாடுள்ளவர்களாக எண்ணினால் கணக்கு வீங்கிவிடும். மக்கள்தொகையை மதிப்பிட, பாதிப்பேரின் தேவையை நிறைவு செய்யும் சராசரித் தேவை அளவுதான் பொருத்தம். இரும்பில் அதையும் நேரடியாக வெட்டுக்கோடாக வைக்க முடியாது, ஏனெனில் மாதவிடாய் உள்ள பெண்களின் தேவை சமச்சீராகப் பரவியிருப்பதில்லை. சிலருக்கு இழப்பு மிக அதிகம். அங்கே, ஒவ்வொருவரின் உட்கொள்ளலும் போதாமல் இருப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டுச் சராசரி காணும் நிகழ்தகவு முறையைப் பயன்படுத்துங்கள்.

ஒரு நாள் உணவு ஒருவரின் வழக்கமான உணவு ஆகாது. ஒரு பகுதியினரிடமாவது, தொடர்ச்சியாக அல்லாத இரண்டாவது நாளின் உணவையும் கேட்டிருந்தால், நாளுக்கு நாள் மாறும் வேறுபாட்டைப் பிரித்தெடுத்து வழக்கமான உட்கொள்ளலை மதிப்பிடலாம். கேட்கவில்லை என்றால், உணவுப் பன்மையோடு நிறுத்திக்கொண்டு, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொகுதிகளை உண்ட பெண்களின் விழுக்காட்டைத் தாருங்கள். அதையும் மக்கள்தொகைக்கான குறியீடாகவே எழுதுங்கள். எந்தத் தனிப் பெண்ணின் உணவு போதுமானது, எவருடையது போதாது என்று பிரிக்க அது உருவாக்கப்படவில்லை.