செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

[காலை 7:05] நான்: படகில் இருக்கிறேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அப்பா, சித்தப்பா, யாராவது விழித்திருக்கிறீர்களா?

[7:09] சித்தப்பா: இருக்கிறேன். பேட்டரி எவ்வளவு காட்டுகிறது?

[7:11] நான்: 12.6.

[7:12] சித்தப்பா: பேட்டரியில் குறை இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வை, மறு முனையை என்ஜின் பிளாக்கில் வை. வைத்தபடியே சாவியைத் திருப்பு. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

[7:18] நான்: 3.1 வோல்ட்!

[7:18] சித்தப்பா: அப்படியானால் எர்த் வயர்தான். பிளாக்கில் மாட்டியிருக்கும் இடத்தைக் கழற்றிப் பார். முதலில் பேட்டரி சுவிட்சை அணைத்துவிடு.

[7:31] நான்: கழற்றினேன். உள்ளே முழுக்கப் பச்சைக் களிம்பு. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை.

[7:32] அப்பா: அந்த வயர் என் காலத்தது. உப்புக்காகிதம் போட்டு இரண்டு பக்கமும் செம்பு மின்னும்வரை தேய். பிளாக்கில் வயர் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டிவிடு.

[7:58] நான்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டேன்.

[7:58] சித்தப்பா: நிறுத்து. எத்தனை தடவை அடித்தாய்? கடல்தண்ணீர் வால்வு திறந்திருக்கிறதா?

[7:59] நான்: எட்டு, ஒன்பது தடவை இருக்கும். வால்வு திறந்துதான் இருக்கிறது.

[8:00] சித்தப்பா: உடனே மூடு. இனி சாவியைத் தொடாதே.

[8:01] அக்கா: ஏன் சித்தப்பா? தண்ணீர் இல்லாவிட்டால் என்ஜின் சூடாகாதா?

[8:04] சித்தப்பா: ஓடினால்தானே அம்மா சூடாகும்! செல்ஃப் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சேர்ந்து சுற்றும். அது இழுக்கும் கடல்தண்ணீர் கடைசியில் சைலன்சர் பெட்டிக்குத்தான் போகும். என்ஜின் ஓடினால் புகை அதை வெளியே தள்ளிவிடும். ஓடாதபோது தள்ள ஒன்றும் இல்லை. பெட்டி நிறைந்து, தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியாகவே திரும்பி சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் போய் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். டீசல் வராமல் நின்ற நல்ல என்ஜின் இப்படி வீணாகிவிடக் கூடாது. அதனால்தான் கத்துகிறேன்.

[8:06] நான்: மூடிவிட்டேன். இப்போது என்ன செய்ய?

[8:07] சித்தப்பா: சைலன்சர் பெட்டியின் அடியில் டிரெயின் பிளக் இருக்கும், திறந்துவிடு. அப்புறம் ஆயில் கம்பியை எடுத்துப் பார். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது.

[8:22] நான்: அரை வாளிக்கு மேல் வந்தது. ஆயில் கறுப்பாகத்தான் இருக்கிறது, வெளுக்கவில்லை.

[8:23] அப்பா: நல்ல வேளை.

[8:24] சித்தப்பா: சரி. முன்பக்க புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, ஓடும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு சுற்று சுற்று. எங்காவது கல்லில் முட்டியதுபோல் நின்றால் விட்டுவிட்டு எனக்குச் சொல்.

[8:30] நான்: சுற்றுகிறது. கம்ப்ரஷன் வரும் இடத்தில் இறுகுகிறது, அழுத்தினால் தாண்டிவிடுகிறது.

[8:31] சித்தப்பா: பிழைத்தோம். இப்போது சொல், செல்ஃப் அடித்தபோது புகை வந்ததா?

[8:31] நான்: கொஞ்சம்கூட இல்லை.

[8:33] சித்தப்பா: வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. என்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கம்பி இழுத்தபடி இருக்கிறதா பார். டேங்க் வால்வையும் பார்.

[8:36] நான்: கம்பி உள்ளேதான் இருக்கிறது. வால்வும் திறந்திருக்கிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், போன வாரம் டேங்க் பக்கத்து டீசல் ஃபில்டரை மாற்றினேன்.

[8:36] அப்பா: மாற்றியபிறகு டீசல் குழாயில் புகுந்த ஏரை வெளியே எடுத்தாயா?

[8:37] நான்: இல்லை அப்பா. எடுக்க வேண்டும் என்றே தெரியாது.

[8:40] சித்தப்பா: அதுதான். என்ஜின்மேல் உள்ள ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதை லூஸ் செய். அடியில் துணி வை, படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் டீசல் விழக் கூடாது. டீசல் பம்பின் பக்கத்தில் ஒரு நாக்கு இருக்கும், அதைக் கையால் அடி. நாக்கில் பிடிப்பே இல்லாவிட்டால் உள்ளே பம்பைத் தள்ளும் கேம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. புல்லியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடி.

[8:52] நான்: முதலில் பிடிப்பு இல்லை, ஒரு சுற்று சுற்றியதும் வந்தது. நுரை வந்துகொண்டே இருக்கிறது. பத்து நிமிடமாக அடிக்கிறேன், நிற்கவே இல்லை.

[8:53] சித்தப்பா: அவ்வளவு நேரம் வரக் கூடாது. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. நீ மாற்றிய ஃபில்டரில் டீசல் கசிகிறதா?

[8:54] நான்: இல்லை, காய்ந்து கிடக்கிறது.

[8:56] சித்தப்பா: காய்ந்திருப்பதை நம்பாதே. அது பம்புக்கு முன்னால், உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராமலே காற்று உள்ளே போகும். டேங்க் வால்வை மூடிவிட்டுக் கழற்று. பழைய ரப்பர் வளையம் எங்கே?

[9:08] நான்: சித்தப்பா, பழைய வளையம் மேல் மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன்மேல் புதியதையும் போட்டுவிட்டேன்.

[9:09] அப்பா: எனக்கும் ஒருமுறை அப்படி ஆனது. இரண்டு வளையம் சேர்ந்தால் உட்காராது. பழையதை எடுத்துவிட்டு, புதியதில் டீசல் தடவிப் போடு.

[9:27] நான்: இப்போது தெளிவாக வருகிறது, ஒரு குமிழ்கூட இல்லை.

[9:30] சித்தப்பா: அதை இறுக்கு. அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்க்ரூ, அதே முறை. அப்புறம் இரண்டு இன்ஜெக்டரிலும் குழாய் நட்டை ஒரு சுற்று லூஸ் செய்து, துணியால் மூடி, பாதி ஆக்ஸிலரேட்டரில் செல்ஃப் அடி. டீசல் துடித்துத் துடித்து வந்ததும் இறுக்கிவிடு. கையோ முகமோ அருகில் இருக்கக் கூடாது, அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். பத்து விநாடிக்குமேல் செல்ஃப் அடிக்காதே, நடுவில் ஆறவிடு.

[9:31] அக்கா: கண்ணாடி போட்டுக்கொள் தம்பி.

[9:49] நான்: பிடித்துவிட்டது!!!

[9:49] சித்தப்பா: கடல்தண்ணீர் வால்வு!

[9:50] நான்: அடுத்த நொடியே திறந்தேன். எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்புகிறது.

[9:51] அப்பா: சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு.

[9:53] நான்: 🎤 குரல் பதிவு (0:24)

[9:55] அப்பா: கேட்டேன். முதலில் ஒரு சிலிண்டர் தட்டுகிறது, அப்புறம் சேர்ந்துகொள்கிறது. உடனே நிறுத்திவிடாதே, கயிற்றில் கட்டியபடியே கியரில் போட்டு அரை மணி நேரம் ஓட்டு. நின்றபிறகு ஆயிலை இன்னொரு தடவை பார்.

[9:55] நான்: சரி அப்பா.