செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு: வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். 1968 முதல் 1971 வரை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதில் ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அப்புறம் 15 வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. தொழுநோய்க்கு எதிராக ஓரளவு பலன் தெரிந்தது.

இந்த ஆய்வைப் பற்றிய கட்டுரைகளில் எண்கள்தான் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் இல்லை. என் முதுகலைப் படிப்புக்காக அவர்கள் நினைவுகளைத் திரட்டுகிறேன். எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள், கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளந்தது, சளி மாதிரி வாங்கியது என எது நினைவிருந்தாலும் போதும். மறுத்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது! களப்பணி செய்தவர்கள் யாரையாவது தெரியுமா?

ஒரு வேண்டுகோள்: யாருக்கு நோய் இருந்தது என்பதையும் பெயர்களையும் இங்கே பொதுவில் எழுத வேண்டாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நானே நேரில் வந்து பேசுகிறேன்.